இரண்டு விரல் நீளம்

மாமாவின் லாரியில் ஹேண்ட் பிரேக் கைப்பிடி உடைந்து மூன்று வாரமாகியிருந்தது. மாமா என்றால் அக்கா புருஷன். ஓட்டுகிறவரின் இருக்கைக்கும் கதவுக்கும் நடுவில் நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் கைப்பிடி அது. பின்னால் இழுத்தால் காற்று புஸ்ஸென்று வெளியேறிச் சக்கரங்கள் இறுகும். கடைசியில் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். அந்த டக் வராவிட்டால் பிரேக் போட்டதாகக் கணக்கில்லை. வண்டிக்கு இருபத்தாறு வயது. கைப்பிடி கழுத்தோடு முறிந்ததிலிருந்து, மிஞ்சிய இரும்புக் குச்சியைக் குறட்டால் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தார்.

“குறடு வழுக்கினா என்ன பண்ணுவீங்க?” என்றேன்.

“உங்க அக்காவ முன்னாடி உக்கார வெச்சுக்குவேன். அவ மொறைச்சாலே வண்டி நின்னுடும்.”

அந்த மாடலுக்குப் புதுக் கைப்பிடி எங்கேயும் கிடையாது. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில் வேறொரு லாரியிலிருந்து ஒன்றைக் கழற்றினேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மரை ஒண்ணுதான். நீளம் ரெண்டு வெரல் கூட. கூட இருந்தா என்னப்பா, கொறைஞ்சாத்தான் தப்பு.”

எனக்கும் அப்படித்தான் பட்டது.

இன்று காலை ஆறு மணிக்கு மாட்டினேன். கதவை அகலத் திறந்து, ஒரு காலைப் படியில் ஊன்றி, வெளியே நின்றபடியே வேலை. இந்த வண்டியில் எதைப் பார்த்தாலும் அப்படித்தான் பார்ப்பேன். உள்ளே உட்கார்ந்தால் கை மடங்காது. துருப்பிடித்த திருகாணி எண்ணெய் விட்ட பிறகு அசைந்தது. புதுசை முறுக்கி ஐந்து தடவை இழுத்தேன். ஐந்து தடவையும் டக். மாமா குளித்துவிட்டு வந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான் இரவு வேலையை விட்டு இரண்டு மாதமாகிறது. உடம்பு இன்னும் விடவில்லை. பகலில்தான் தூக்கம் வருகிறது. ஒன்பதரைக்குப் படுத்தேன். கண்ணை மூடினால் கடைசியாகச் செய்த வேலை கையில் ஓடும். படியில் கால். தோளில் இடிக்கும் கதவு விளிம்பு. கதவு.

கதவைச் சாத்திவிட்டுக் கைப்பிடியை ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்கவில்லை.

கதவின் உட்பக்கம் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பிடி இருக்கிறது. நானும் அந்த வண்டியை ஓட்டியிருக்கிறேன். பழைய கைப்பிடியை முழுக்க இழுத்தால் அதற்கும் அந்தப் பிடிக்கும் நடுவில் எவ்வளவு இடம் மிஞ்சும் என்று என் புறங்கைக்குத் தெரியும். ஒரு விரல். புதுசு இரண்டு விரல் கூட. கதவு சாத்தியிருந்தால் அது பூட்டுக்குப் போகாது. வழியிலேயே இடித்து நிற்கும்.

எழுந்து உட்கார்ந்தேன். இன்று தரை ஓடு லோடு. கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு. சரிவில் வண்டியைப் பின்னாலேயே இறக்கி நிறுத்த வேண்டும். சரிவு முடியும் இடத்தில் கான்கிரீட் சுவர். அந்தச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றுதான் பெட்டிகளை வாங்குவார்கள். மாமாவும் நிற்பார்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன்.

“வண்டி நின்னா போன் சீட்டுலதான் கெடக்கும்,” என்றாள் அக்கா. “எறங்கிப் போய் ஊர்க்கதை பேசிட்டிருப்பாரு. என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா சட்டைய உள்பக்கம் வெளிய மாட்டியிருக்க?”

சொல்லவில்லை. சொன்னால் பயப்பட இன்னொரு ஆள், அவ்வளவுதான் லாபம். ஸ்கூட்டர் சாவியைக் கேட்டேன். நீட்டியவள் விடவில்லை.

“அவருக்கு ஏதாவதா?”

“இல்ல. இன்னும் இல்ல.”

அந்த ‘இன்னும்’ வாயில் வந்திருக்கக் கூடாது. சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினேன்.

வழியெல்லாம் கணக்கு. எட்டரைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். ஒன்பதுக்கு இறக்க ஆரம்பித்திருப்பார்கள். பூட்டாத கைப்பிடி அடியிலிருக்கும் ரப்பரின் இறுக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கும். மேலே ஒவ்வொரு பெட்டியாக இழுக்கும்போதும் வண்டி அதிரும். ஒவ்வொரு அதிர்வுக்கும் கைப்பிடி மயிரிழை முன்னால் நகர்ந்து பிரேக் தளரும். வண்டியை கியரில் போட்டுவிட்டுத்தானே இறங்குவார் என்று ஒரு தெரு நீளத்துக்கு ஆறுதல். அந்த கியர் தானாகக் கழன்றுகொள்ளும் என்பது அடுத்த தெருவில் ஞாபகம் வந்தது. அதையும் நானே சரிசெய்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தொடாமல் இருந்தேன்.

பாலத்துக்குக் கீழே கூட்டம். ஸ்கூட்டரை மெதுவாக்கி எட்டிப் பார்த்தேன். யாரோ மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, எழுந்து, எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார்.

கட்டடத்தை அடைந்தபோது வண்டி சரிவில்தான் நின்றது. நின்றது என்பதை நம்ப இரண்டு தடவை பார்க்க வேண்டியிருந்தது. மேலே ஒருவன் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டிருந்தான். கீழே மாமாவும் இரண்டு கூலியாட்களும் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் கத்தவில்லை. கத்தினால் வேலையை நிறுத்திவிட்டு, நின்ற இடத்திலேயே நின்று என்னைப் பார்ப்பார்கள். ஓடிப்போய் ஓட்டுநர் கதவைத் திறந்தேன்.

கைப்பிடி பாதியில் நின்றது. இரண்டு கையாலும் இழுத்தேன். புஸ்ஸென்று காற்று. டக். அதற்குப் பிறகுதான் கையை எடுத்தேன்.

மாமா மேலே வந்தார். “என்ன மாப்ள, தூக்கம் வரலியா?”

நாலு வார்த்தையில் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கைப்பிடியைப் பார்த்தார். பிறகு திரும்பி, கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கூலியாளைப் பார்த்தார்.

“டக்னு வரலியே, கவனிக்கலையா நீங்க?” என்றேன். பழியில் பாதியை அவர் தலையில் கட்டப் பார்த்தேன். வேறொன்றுமில்லை.

“வரலதான். புதுசு, சத்தமில்லாம பூட்டும்போலன்னு நெனச்சேன். நீ மாட்டினதாச்சே.”

குரலில் கோபமே இல்லை. ஒரு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

கம்பி கட்டுகிறவரிடம் ரம்பம் வாங்கி, கைப்பிடியின் நுனியை மூன்று விரல் அறுத்தேன். கதவைச் சாத்தி இழுத்தேன். டக். மறுபடியும் சாத்தினேன். டக். மாமா ஏறி உட்கார்ந்து, பின்னால் நின்றவர்களை மேலே வரச் சொன்னார். வந்தார்கள். பிறகு என்னிடம், “நீ போ. பின்னாடி நில்லு,” என்றார்.

விளையாட்டாகச் சொன்னால் அவர் உதட்டோரம் ஒரு பக்கம் போகும். போகவில்லை.

இறங்கிப் போனேன். முதுகில் சுவர் ஈரமாக இருந்தது. கை நீட்டினால் வண்டி. மேலே கதவு சாத்தும் சத்தம். டக். பிரேக் மிதியிலிருந்து காலை எடுத்தார். வண்டி என்னை நோக்கி ஒரு விரற்கடை வந்து, நின்றது.

“நிக்குதா?”

“நிக்குது.”

“அங்கயே நில்லு. இன்னும் அறுபது பெட்டி இருக்கு.”