விருந்தாளி ஜன்னல்கள்

“அதெல்லாம் நான் தடுக்க மாட்டேன். வாசல்ல வந்து நின்னு ‘வரலாமா’ன்னு ஒருத்தன் கேட்டா, வேண்டாம்னு சொல்லி எங்க வம்சத்துல யாருக்கும் பழக்கமில்ல.”

“அகாய், அது வாசல் இல்ல. பிரவுசர்.”

“கேக்குதா இல்லியா? ‘உங்களுக்குச் செய்தி அனுப்பலாமா, அனுமதி உண்டா’ன்னு மரியாதையாத்தானே கேக்குது? நானும் மரியாதையா உண்டுன்னு அமுக்கறேன். இதுல உனக்கென்ன கஷ்டம்?”

“கேக்கறது யாருன்னு பாக்க வேண்டாமா?”

“சாப்பாடு போடறதுக்கு முன்னாடி விருந்தாளிகிட்ட ‘நீ யாரு, எதுக்கு வந்த’ன்னு கேக்கறவன் கிர்கிஸ்காரனாம்மா?”

இப்படிக் கேட்டுவிட்டு, நாரின் நகரத்துப் பள்ளியின் தலைமையாசிரியர் ஜமீர்பெக் கலிகோவிச், முட்டை மேல் உட்காரும் கோழியைப் போல லேப்டாப்பின் மேல் இரண்டு கைகளையும் பரப்பி வைத்துக்கொண்டார். தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி. கோடையிலும் குளிரிலும் அவர் அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. அனுமதி என்று கேட்ட எதற்கும் மறுப்புச் சொல்லாதவர் என்பது உண்மைதான். ஆசிரியர்களின் விடுப்பு விண்ணப்பங்கள் மட்டும் அவருடைய விருந்தோம்பலின் எல்லைக்கு வெளியே இருந்தன. அவற்றை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மறுப்பார்.

எதிரே நின்று அவரை ‘அகாய்’, அதாவது ஐயா, என்று கூப்பிட்டவள் பெகிமாய். செப்டம்பரிலிருந்து இந்தப் பள்ளியின் கணினி ஆசிரியை. ஒரு வருட ஒப்பந்தம். இன்று தலைநகரிலிருந்து வரும் கல்வித்துறைக் குழு அவளுடைய பாடத்தைப் பார்க்கும். அவர்களுக்குப் பிடித்தால் பணி நிரந்தரம். பிடிக்காவிட்டால் மறுபடியும் மாஸ்கோ. மூன்று வருடம் பெட்டி அடுக்கிய அதே கிடங்கு, எட்டுப் பேர் படுக்கும் அதே அறை. பாடத்தின் தலைப்பைக் குழுவே தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தது: பிரவுசரில் பாப்-அப் தடுப்பைப் பாதுகாப்பாகக் கையாளுவது எப்படி?

பள்ளியின் புரொஜெக்டரோ ஒரே ஒரு லேப்டாப்போடுதான் ஒத்துப்போனது. அந்த லேப்டாப்தான் இப்போது தலைமையாசிரியரின் கைகளுக்கு அடியில் இருந்தது.

“அஞ்சு நிமிஷம் குடுங்க அகாய். பாப்-அப் தடையத் திரும்பப் போட்டுட்டு, துறையோட தளத்த மட்டும் விதிவிலக்கா சேத்துடறேன். உங்க ரிப்போர்ட் திறக்கும். மத்தது எதுவும் குதிக்காது.”

“போன தடவையும் இதையேதான் சொன்ன. ரிப்போர்ட் திறந்துதா?”

இதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அது கேட்பவருக்குப் பொறுமை வேண்டிய பதில். மதிப்பெண் அறிக்கையைத் துறையின் தளம் தனி ஜன்னலில்தான் திறக்கும். அதனால் எல்லாத் தளங்களுக்கும் தடை போட்டு, அந்த ஒரு முகவரிக்கு மட்டும் அவள் அனுமதி கொடுத்து வைத்திருந்தாள். குளிர்காலத்தில் துறை தன் தளத்தைப் புது முகவரிக்கு மாற்றியது; யாரிடமும் சொல்லவில்லை. புது முகவரியைப் பிரவுசர் அந்நியனாகப் பார்த்தது. அறிக்கை திறக்கவில்லை. மாவட்ட அதிகாரி போனில் கத்தினார். ஒரு பூட்டு மக்கர் செய்தது என்று வீட்டின் எல்லாக் கதவுகளையும் கழற்றி எறிகிறவரைப் போல, ஜமீர்பெக் கலிகோவிச் தடையை மொத்தமாக நீக்கினார். அறிக்கை திறந்தது. கூடவே உலகமும் உள்ளே வந்தது.

“வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு மனசு வரல, சரி,” என்றாள் பெகிமாய். “கிளம்ப மாட்டேங்கற ஆள்கிட்ட நாம என்ன பண்றோம்? கிண்ணத்த நெறைக்கறதில்லயா? இந்தத் தடை பட்டனும் அந்த மாதிரிதான்.”

அவர் முகம் சுருங்கியது. அந்த ஊரில் அரைக் கிண்ணம் தேநீர் என்றால் அன்பு. சீக்கிரம் தீரட்டும், மறுபடி ஊற்றுகிறேன், இன்னும் உட்காருங்கள் என்று அர்த்தம். விளிம்புவரை ஊற்றினால், குடித்துவிட்டு எழுந்திருங்கள். யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை.

“என் மேஜையில இதுவரைக்கும் ஒருத்தர் கிண்ணமும் நெறைஞ்சதில்ல,” என்றார் அவர், நிஜமாகவே மனம் புண்பட்டு.

அப்போது கதவைத் திறந்துகொண்டு சூசார் எஜே எட்டிப்பார்த்தாள். பள்ளியில் சமையல் வகுப்பு எடுப்பவள். எல்லோருக்குமே அக்கா என்பதால் தலைமையாசிரியரும் அவளை எஜே என்றுதான் கூப்பிட வேண்டியிருந்தது.

“கார் வந்தாச்சு. ஆடு வெந்துட்டிருக்கு. நீங்க ரெண்டு பேரும் இன்னும் அந்தப் பொட்டியக் கட்டிட்டு அழறீங்களா?”

கைகள் லேப்டாப்பை விட்டு விலகின. ஆனால் ஐந்து நிமிடம் இல்லை.

குழு என்பது மூன்று பேர். அதில் இருவர் தலையாட்ட மட்டும் வந்தவர்கள். தலைவி ரோஸா ஜுமபாயெவ்னா கடைசி வரிசையில், குழந்தைகளுக்கான பெஞ்சில், பெரிய மனது பண்ணி உட்கார்ந்தார். பக்கத்தில் ஜமீர்பெக் கலிகோவிச். ஜன்னலுக்கு வெளியே, ஏப்ரல் வெயிலில், மலைகளின் பனி யாருக்கும் அவசரம் காட்டாமல் உருகிக்கொண்டிருந்தது. பெகிமாய் ஒரு கணம் அதைப் பார்த்துக்கொண்டாள்.

“நாம ஒரு தளத்துக்குப் போறோம். நாம எதையும் தொடாமலே புதுசா ஒரு ஜன்னல் குதிச்சு வருது. அதுதான் பாப்-அப்,” என்று தொடங்கினாள்.

புரொஜெக்டர் வெளிச்சம் விழுந்த சுவரின் வலது மூலையில், அழைத்ததைப் போல, ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. ‘வழுக்கை இனி இல்லை. ஒரே வாரத்தில் அடர்ந்த முடி.’

வகுப்பு முழுவதும் தலைமையாசிரியரின் தொப்பியைப் பார்த்தது. பிறகு முழு ஒழுக்கத்தோடு சுவரைப் பார்த்தது.

“இது பாப்-அப் இல்ல, அதோட தங்கச்சி,” என்றாள் பெகிமாய், குரல் மாறாமல். “இதுக்குப் பேரு நோட்டிஃபிகேஷன். ஒரு நாள் யாரோ ‘அனுமதி’ன்னு அமுக்கினா, அப்புறம் அந்தத் தளத்த மூடினாலும் இது வந்துட்டே இருக்கும். பாப்-அப்பத் தடுத்தா மட்டும் இது நிக்காது. இதுக்குக் குடுத்த அனுமதியத் தனியாப் போய் எடுக்கணும்.”

இரண்டாவது பெட்டி எழும்பியது. ‘உங்கள் அருகில் வசிக்கும் குல்யா உங்களுக்காகக் காத்திருக்கிறாள்.’

“எஜே,” என்று நடு வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். “நம்ம கேன்டீன் குல்யாவா?”

“அவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுடி,” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“அதனாலதான் கேக்கறேன்.”

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. ரோஸா ஜுமபாயெவ்னா சிரிக்கவில்லை. தன் தாளில் ஏதோ எழுதினார். பெகிமாய் செட்டிங்ஸைத் திறந்தாள். தளங்களுக்கான அனுமதிகள், அதற்குள் பாப்-அப். எல்லாத் தளங்களுக்கும் ‘தடு’, வேண்டிய ஒன்றுக்கு மட்டும் ‘அனுமதி’ என்று சொல்லிக்கொண்டே அம்புக்குறியை நகர்த்தினாள். இன்னும் ஒரு விரற்கடை தூரம். ஆனால் பின்னால் ஒரு டேப் திறந்தே கிடந்தது. தலைமையாசிரியர் இலவசமாக மல்யுத்தம் பார்க்கும் தளம். சுவர் முழுவதும் சிவப்பானது. சைரன் அலறியது. ‘உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது. சுத்தம் செய்ய இங்கே அமுக்கவும்.’

முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

“யாரும் பயப்பட வேண்டாம்,” என்றாள் பெகிமாய். உண்மையில் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது. இதைவிட நல்ல உதாரணத்தைத் தேடிப் போனாலும் கிடைத்திருக்காது. “இது பொய். ஒரு வெறும் பக்கத்துக்கு நம்ம கணினியில வைரஸ் இருக்கறது எப்படித் தெரியும்? இதுக்குள்ள எதையும் தொடக் கூடாது. மூலையில இருக்கற பெருக்கல் குறியக்கூட. அதையும் வரைஞ்சு வச்சது அவங்கதான். வெளியில இருந்து டேப்பயே மூடணும். பாருங்க, இப்போ நான்...”

“நில்லு பொண்ணே.”

ரோஸா ஜுமபாயெவ்னா எழுந்து நின்றிருந்தார்.

“இது எங்க ஆபீஸ்லயும் வரும். வாரத்துல ரெண்டு தடவ. மூடினா திரும்ப வரும். அந்தச் சுத்தம்கறத அமுக்கு, போயிடும்.”

“மன்னிக்கணும், அதை அமுக்கினா போகாது. உள்ள வந்துடும்.”

“இருபத்தாறு வருஷமா துறையில இருக்கேன். எனக்குத் தெரியாதா?”

இந்த இடத்தில் ஒரு சராசரி மனிதன் சும்மா இருந்திருப்பான். ஜமீர்பெக் கலிகோவிச் சராசரி விருந்தோம்புபவர் அல்ல. விருந்தாளி ஒன்று சொல்ல, தன் கூரைக்கு அடியில் ஒரு சின்னப் பெண் அதை மறுத்துப் பேசுகிறாள். அவர் பெஞ்சுகளுக்கு நடுவே ஓடிவந்தார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பெகிமாய் கையை நீட்டித் தடுப்பதற்குள் அமுக்கினார். கணினி கடைசியாக ஒரு முறை, பரிதாபமாக, இந்த நிரலை இயக்க அனுமதி உண்டா என்று கேட்டது. உண்டு என்று அமுக்கினார். ஜன்னலின் மேல் ஜன்னல், அதன் மேல் ஜன்னல் என்று சுவரில் குடியேற ஆரம்பித்தன. பிறகு எல்லாம் உறைந்தது. சைரன் மட்டும் நிற்கவில்லை.

“இப்போ சரியாயிடும்,” என்றார் ரோஸா ஜுமபாயெவ்னா, உட்கார்ந்தபடி.

சமையல் வகுப்பு அறையில் விருந்து பரப்பியிருந்தது. ஆட்டுத்தலை, முதல் மரியாதையாக, தலைவிக்கு முன்னால் வைக்கப்பட்டது. கூட்டத்தில் இளையவள் என்பதால் பெகிமாய்க்குத் தேநீர் ஊற்றும் வேலை. கெண்டியை அவள் கையில் கொடுக்கும்போது சூசார் எஜே காதருகில் சொன்னாள்: “முகத்த அப்படி வச்சுக்காத. உன் பாடம் நல்லாத்தான் இருந்துச்சு. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். அந்தப் பெருக்கல் குறி விஷயம் எனக்கே தெரியாது.”

முதல் கிண்ணங்கள் அரைக்கும் குறைவாக, மரியாதையாக ஊற்றப்பட்டன. எண்ணெயில் பொரித்த பூர்சோக் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே தலையாட்டுபவர்களில் ஒருவர் தன் போனைப் பார்த்தார். “ஜமீர்பெக் கலிகோவிச், நீங்க எனக்கு ஏதோ மெயில் அனுப்பியிருக்கீங்களே?”

“நானா?”

“‘குல்யா உங்களுக்காகக் காத்திருக்கிறாள். இங்கே அமுக்கவும்.’ உங்க மெயில்ல இருந்துதான் வந்திருக்கு.”

இன்னொருவருடைய போன் சிணுங்கியது. அவருக்கும் குல்யா காத்திருந்தாள். மாவட்டத்தின் எல்லாத் தலைமையாசிரியர்களுக்கும், துறையின் எல்லா மேஜைகளுக்கும், ஜமீர்பெக் கலிகோவிச்சின் பெயரால் அவள் காத்துக்கொண்டிருந்தாள் என்பது அடுத்தடுத்த அழைப்புகளில் தெரியவந்தது. சில பேர் அமுக்கியும் விட்டார்கள். கடைசியாக ரோஸா ஜுமபாயெவ்னாவின் போன் அடித்தது. அவர் எழுந்து நின்று பேசினார். மறுமுனையில் இருந்தவர் எவ்வளவு பெரியவர் என்பது அதிலேயே விளங்கியது.

“ஆமாங்க. அங்கதான் இருக்கேன். அமுக்கினது யாருன்னு... இதோ, விசாரிச்சுச் சொல்லிடறேன்.”

போனை மேஜைமேல் வைத்தார். ஆட்டுத்தலை அவரைப் பார்த்தது; அவர் ஆட்டுத்தலையைப் பார்த்தார்.

“ஒரு பேர் வேணுமாம்,” என்றார்.

வகுப்பில் இருபத்தெட்டுக் குழந்தைகள் பார்த்த விஷயம், இந்த அறையில் ஒருவருக்கும் நினைவில்லாமல் போயிருந்தது.

“பாடம் நல்லா இருந்ததுன்னு எழுதறேன் பொண்ணே,” என்று ரோஸா ஜுமபாயெவ்னா இறைச்சியை அறுத்துக்கொண்டே தொடர்ந்தார். “கீழ ஒரே ஒரு வரி. ‘ஆசிரியையின் கவனக்குறைவால் சிறு தடங்கல்.’ அவ்வளவுதான். சிறுசுகள் தப்பு பண்றது சகஜம். யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க.”

பெகிமாய்க்கு அந்த ஒரு வரியின் எடை தெரியும். அது கோப்பில் இருக்கும்வரை செப்டம்பரில் அவள் பெயரை யாரும் நிரந்தரப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். பாப்-அப் பாதுகாப்பைக் கற்றுக்கொடுக்க வந்து பள்ளியின் கணினியை ஒழித்துக்கட்டியவள். மாஸ்கோ கிடங்கில் அட்டைப்பெட்டிகளின் ஈர வாசனை இப்போதே மூக்கில் ஏறியது.

“அதை நான் மூடப் போனேன்,” என்றாள். “நீங்கதான் நிறுத்தினீங்க.”

“நான் ஒரு யோசனை சொன்னேன்,” என்றார் தலைவி. “யோசனை சொல்றதும் அமுக்கறதும் ஒண்ணா?”

ஜமீர்பெக் கலிகோவிச் நிமிரவில்லை. வாசலில் வந்து நின்ற எவரிடமும் பெயர் கேட்காத மனிதர், இப்போது ஒரு பெயருக்காகத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் கொஞ்சம் டீ,” என்று ரோஸா ஜுமபாயெவ்னா காலிக் கிண்ணத்தை நீட்டினார். போன் மறுபடி மின்னியது. “சாயங்காலம்வரைக்கும் இருக்கறதாத்தான் உத்தேசம். பேசித் தீத்துக்கலாம்.”

பெகிமாய் கெண்டியைத் தூக்கினாள். அப்போதுதான் கொதிநீர் சேர்த்திருந்ததால் அது நிறைந்து கனத்தது. மேஜைக்கு எதிர்ப்பக்கம் சூசார் எஜே பூர்சோக்கை மெல்லுவதை நிறுத்திவிட்டு, நீட்டியிருந்த அந்தக் கிண்ணம் எதுவரை நிறையப் போகிறது என்றே பார்த்தாள். கூடத்துக்கு அப்பால், ஆளில்லாத வகுப்பறையில், சைரன் இன்னும் அலறிக்கொண்டிருந்தது.

ஜமீர்பெக் கலிகோவிச் நாற்காலியைப் பெகிமாய் பக்கம் இழுத்துப் போட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குழல்விளக்கின் வெளிச்சம் அவர் தலைமேல் முழுதாக விழுந்தது.

“ரிட்டையராக எனக்கு இன்னும் ஒரு வருஷம்தாம்மா இருக்கு,” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. “நீதான் அமுக்கினதா ஒரு வார்த்தை சொல்லிடேன்.”