மெட்ராஸ் செட்

நான் செய்த நகைகளுக்குக் கமலாதேவி வைத்த பெயர் மெட்ராஸ் செட். அதில் மெட்ராஸிலிருந்து வந்த துரும்புகூடக் கிடையாது. சிவப்புக்கல் என்று சனம் வாயைப் பிளந்து பார்த்தது எங்கள் ஊரான சல்லிக் கரையில் வெட்டிய விளைமீனின் செதில். அதற்குச் சிவப்பேற்றியது பன்புல்லில் இழைக்கிற பாய்க்குப் போடுகிற சாயம். அடியில் இருந்து ஒளி கொடுத்தது தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் வெள்ளித்தாள். கம்பியோ, துறைமுகத்தில் கழித்துப்போட்ட மோட்டாருக்குள் இருந்து உருவிய செம்பு. இவ்வளவையும் நெற்றிச்சுட்டியாகவும் சூரியப்பிறை, சந்திரப்பிறையாகவும் ஆக்கியவை என் விரல்கள்.

வெளிநாட்டுச் சாமான் எதையும் அரசாங்கம் உள்ளே விடாத காலம் அது. எழுபத்துநாலாம் ஆண்டு. கமலாதேவி திருகோணமலைப் பட்டினத்தில் லேடீஸ் சலூன் வைத்திருந்தாள். உத்தியோகத்தர் வீட்டுக் கலியாணம் என்றால் பெண்ணை அலங்கரித்து வெளிக்கிடுத்த அவளைத்தான் கூப்பிடுவார்கள். இந்தியச் சாமான் வருவது நின்றுபோக, மணப்பெண்ணின் தலையில் வைக்க அவளிடம் ஒன்றும் இல்லை. எங்கள் அம்மன் கோயில் திருவிழாவில் கும்மியடிக்கிற பிள்ளைகளுக்கு நான் செய்து கொடுத்த தலைச் சாமான்களை எங்கேயோ கண்டுவிட்டு, என்னைத் தேடிச் சல்லிக்கே வந்தாள்.

“செதில் எண்டு ஒருத்தருக்கும் மூச்சு விடாத, சீதேவி. கலியாணத்தண்டைக்கு அவையின்ர வீட்டில மீன் சட்டியே அடுப்பில ஏறாது. தலையில மீனை வைச்சுத் தாலி கட்டினது எண்டு தெரிஞ்சால் என்ர கடையைக் கொளுத்திப் போடுவினம்” என்றாள்.

நான் தலையாட்டினேன். மனதுக்குள் எரிச்சல்தான். முத்து சிப்பிக்குள் கிடந்ததுதானே. சங்கு செத்த பிராணியின் கூடுதானே, அதைச் சாமிக்கு முன்னாலேயே நின்று ஊதுகிறார்கள். செதில் மட்டும் என்ன பாவம் செய்தது? தேசிக்காய்ப் புளியில் ஊறப்போட்டு, நிழலில் காயவிட்டு, மறுபடியும் ஊறப்போட்டு எடுத்தால் அதில் மீன் வாடை அணுவளவும் இருக்காது. இதையெல்லாம் கேட்க நான் யார்? வள்ளத்தில் போகிறவனின் பெண்சாதி.

சலூனின் முன்வாசலால் நான் ஒருநாளும் போனதில்லை. பின்பக்கத்துக் குசினிக் கதவைத் தட்ட வேண்டும். கமலாதேவி வந்து துணிப்பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவாள். உள்ளே தலை சுருட்டிக்கொண்டு கதிரைகளில் இருக்கிற பெண்களிடம் அவள் சொல்வது எனக்கு வெளியே கேட்கும். “இது மெட்ராஸில ஒரு ஆசாரி எனக்கெண்டே செய்யிறது. இன்னும் ரெண்டு செட்தான் கிடக்கு.” நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பேன். பொல்லாத வாய்க்காரி. உண்மையைச் சொன்னால் அந்தக் காலத்தில் எனக்கு அது நோகவில்லை. என் சாமான் ஒரு பெண்ணின் தலையில் ஏறுகிறதே என்ற பெருமை இருந்தது.

நான் செய்தவற்றில் திறமானது பாலையூற்றுச் சுகிர்தமலருக்குப் போனது. அவளுடைய சந்திரப்பிறைக்குச் செதில்களை நகம் வெட்டுகிற கத்தரிக்கோலால் இதழ் இதழாக நறுக்கி, ஒவ்வோர் இதழையும் தனிக்கம்பியில் முறுக்கினேன். அவளுடைய கலியாணத்தன்று கோயில் வீதியில் சனத்தோடு சனமாக நின்று பார்த்தேன். அந்தப் பிள்ளை தலை குனியும்போது இதழ்கள் எல்லாம் சேர்ந்து நடுங்கின. பக்கத்தில் நின்ற ஒருத்தி, “மெட்ராஸ்காரன் மெட்ராஸ்காரன்தான்” என்று பெருமூச்சு விட்டாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக எனக்குச் சுருக்கென்றது.

பிறகு அரசாங்கம் மாறியது. துறைமுகத்திலும் கொழும்பிலும் கதவுகள் திறந்தன. பெட்டி பெட்டியாக இந்தியச் சாமான் வந்திறங்கியது. நான் பொட்டலத்தோடு போய்க் குசினிக் கதவைத் தட்ட, கமலாதேவி அதை வாங்கவே இல்லை.

“இனி இது வேண்டாம் சீதேவி. அசல் வந்திட்டுது.”

அசலாம்! வருஷக்கணக்காக என் செதிலை அசல் என்று விற்ற வாயால் சொன்னாள். நான் பொட்டலத்தோடு திரும்பினேன். சைக்கிளை மிதித்துக்கொண்டு வரும்போதுதான் சொல்ல வேண்டியவை எல்லாம் ஒவ்வொன்றாக வாய்க்கு வந்தன.

கிண்ணியாக்காரி நபீஸா, பட்டினத்தில் புதிதாக ஒரு சலூன் திறந்திருந்தாள். ஒருநாள் துணிந்து அங்கே போனேன். அவள் என்னை முன்வாசலாலேயே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, பொட்டலத்தை அவிழ்த்து ஒவ்வொன்றாகத் தன் காதிலும் நெற்றியிலும் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள்.

“ராத்தா, இது மீன் செதில்” என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன்.

“மீன் ஹலால்தானே. பொறகென்ன?” என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

கண்ணாடி அலுமாரி ஒன்றை முன்னுக்கு இழுத்து வைத்து, மேலே ஒரு பலகையும் மாட்டினாள். நீல மையில் ‘சீதேவியின் கைவேலை’ என்று எழுதியிருந்தது. அதைப் பார்க்க என் மனுசனைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு எழுத்து வராது. ஆனாலும் வீதியின் மறுபக்கத்தில் நின்று நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனம் விட்டுவைத்ததா? வந்தவர்கள் எல்லாம் ஒரே கதை. “இது கமலாதேவியக்காவின்ர பழைய மெட்ராஸ் செட்டைப் பார்த்து அடிச்ச கொப்பி.” என் சாமானுக்கு என் சாமானே எதிரியானது. ஒருநாள் நபீஸாவே சொன்னாள். “அக்கா, கொப்பி எண்டு கதைக்கிறாங்க. நீங்க இங்க வந்து குந்திக்கொண்டு எல்லாரும் பாக்கச் செய்ங்க. அவங்கட வாய் தானா மூடும்.”

நோன்புப் பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமை. கடை நிறையப் பெண்கள். கையில் மருதோன்றி காயக் காத்திருந்தவர்கள் எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். நான் செதிலை நறுக்கி, தாள் வைத்து, கம்பி முறுக்கிப் பிறை ஒன்றைச் செய்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கண்கள் என் கையைப் பார்த்ததில்லை. எனக்குத் தலை கால் தெரியவில்லை. கிண்ணியாப் பெண் ஒருத்தி தன் மகளின் கலியாணத்துக்கு முழுச் செட்டும் கேட்டாள். பின்னால் நின்ற ஒரு தமிழ்ப் பெண், “இது என்ன கல்லு?” என்று கேட்டாள்.

“கல்லில்லை அக்கா, விளைமீன் செதில்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொங்கிவந்த பெருமை நிறுத்தவிடவில்லை. “பாலையூற்றுச் சுகிர்தமலர் கலியாணத்துக்கு வைச்ச பிறையும் நான் செய்ததுதான். மெட்ராஸும் இல்லை, ஒண்டுமில்லை” என்றும் சொன்னேன்.

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. வந்த வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

அடுத்த வாரம் சுகிர்தமலர் சல்லிக்கு வந்தாள். வெயிலில் நடந்து வந்து, மீன் காயப்போட்டிருந்த பாயோரம் நின்றாள். கலியாணத்தன்று கண்ட முகம் பாதியாகிவிட்டிருந்தது.

“அக்கா, நீங்கள் அதைச் செய்யேல்லை எண்டு என்ர மாமியிட்ட வந்து சொல்லுங்கோ.”

“நான் செய்ததை ஏன் பிள்ளை செய்யேல்லை எண்டு சொல்ல வேணும்?”

“எனக்கு ரெண்டு பிள்ளை வயித்திலேயே அழிஞ்சு போச்சுது. இவ்வளவு காலமும் மாமி காரணம் தேடிக்கொண்டு இருந்தவ. இப்ப கிடைச்சிட்டுது. மீன் செதிலைத் தலையில வைச்சுக் கட்டின தாலி தாலியில்லையாம். இவருக்கு வேற பொம்பிளை பாக்கச் சொல்லிப் புரோக்கருக்குச் சொல்லியாச்சு.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கத்தரிக்கோலை எறிந்தேன். “உன்ர மாமிக்கு மூளை இல்லையெண்டால் அதுக்கு நான் என்ன செய்யிறது? உன்ர மனுசன் குணரத்தினத்துக்கு வாயில்லையோ? நல்லாப் படிச்சவர்தானே!”

“அவர் தாய் சொல்லுத் தட்டமாட்டார்” என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏசித் துரத்தியிருப்பேன்.  கருவாட்டில் இறங்கிய காகத்தைக் கையால் வீசித் துரத்திவிட்டு மறுபடியும் என் முகத்தைப் பார்த்தாள். “எனக்குப் போக வேற இடமில்லை அக்கா” என்றாள்.

அந்தப் பலகையை நினைத்தேன். நீல மையை நினைத்தேன். பிறகு, வருகிறேன் என்றேன்.

பாலையூற்றுக்குக் கமலாதேவியின் காரில் போனோம். அவளும் சாட்சி சொல்ல வேண்டுமே. வழி நெடுக அவள் என்னோடு அன்பாகத்தான் கதைத்தாள். மாமியார் பூரணம்மா நெற்றி நிறையத் திருநீற்றோடு விறாந்தையில் இருந்தார். கமலாதேவிக்குக் கதிரை போட்டார்கள். எனக்கு ஒருவரும் இரு என்று சொல்லவில்லை. கதவோரம் நின்ற சுகிர்தமலர் என்னைத் தெரியாதவள்போல நிலத்தைப் பார்த்தாள்.

“அது மெட்ராஸ் சாமான்தான் அம்மா. அசல் சிவப்புக்கல். இவள் யாவாரத்துக்காகக் கதை கட்டிவிட்டிட்டாள்” என்று கமலாதேவி தொடங்கினாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பொய் சொன்னாள். நாக்கு ஓர் இடத்திலும் தடக்கவில்லை.

பூரணம்மா என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு.”

“நான் பொய் சொன்னனான் அம்மா. அந்தச் செட் நான் செய்யேல்லை. அதைப் பார்த்துத்தான் பழகினனான். கல்லு வாங்க வழியில்லாமல் செதிலில கொப்பி அடிச்சனான்.”

அவர் உள்ளே போய் அலுமாரியைத் திறந்து ஒரு வெல்வெட் பெட்டியைக் கொண்டுவந்தார். திறந்தபோது என் பிறை கிடந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் சிவப்பு மங்கவில்லை. இதழ் ஒன்று மட்டும் கம்பி கழன்று தொங்கியது. அதை எடுத்து என் கையில் வைத்தார்.

“கொப்பி அடிக்கத் தெரிஞ்சனிதானே. இதைக் கட்டு பாப்பம்.”

விறாந்தையில் எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். கம்பியை இடப்பக்கமாக ஒரு முறுக்கு முறுக்கினால் போதும். அது என் முறுக்கு. வேறு ஒருவருக்கும் அது தெரியாது. என் பெருவிரல் தானாகவே அந்த இடத்துக்குப் போய் நின்றது. அதை இழுத்து எடுக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிழையான பக்கம் முறுக்கினேன். இதழ் கழன்று நிலத்தில் விழுந்தது.

“எனக்கு ஏலாது அம்மா. இது வேற வேலை” என்றேன்.

பூரணம்மாவின் முகம் மலர்ந்தது. “எனக்கு அப்பவே தெரியும். மீன்காரியின்ர கைக்கு இது வருமே? வேலைப்பாட்டைப் பாருங்கோவன், ஆசாரியின்ர கை எண்டு சொல்லாமலே தெரியுது.” பிறகு என்னைப் பார்த்தார். “நபீஸாவின்ர கடையில தொங்குற பலகையை நாளைக்கே கழட்டிப்போடு. இனி எங்கட வீட்டுப் பேர் உன்ர வாயில வரக்கூடாது.”

“ஓம் அம்மா” என்றேன்.

கதவோரம் சுகிர்தமலர் மூச்சை விடுவது எனக்குக் கேட்டது. அவள் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்கும் ஒன்றை நீட்டினாள். நான் குடிக்கவில்லை.

பூரணம்மா விழுந்த இதழைப் பொறுக்கிப் பிறையோடு சேர்த்துக் கமலாதேவியிடம் கொடுத்தார். “உங்கட மெட்ராஸ் ஆசாரியிட்ட அனுப்பித் திருத்தித் தாங்கோ பிள்ளை. கூலி எவ்வளவெண்டாலும் பரவாயில்லை.”

கார் பாலையூற்றைத் தாண்டியது. கமலாதேவி கைப்பையைத் திறந்து, கைலேஞ்சியில் சுற்றியிருந்த பிறையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

“இந்தக் கிழமைக்குள்ள திருத்தித் தா. மெட்ராஸில இருந்து வர நாள் எடுக்குமெல்லே, நான் ஒரு மாசம் வைச்சிருந்து குடுக்கிறன்” என்றாள். “வரேக்க பின்பக்கத்தால வா.”