முதல் காரணம்

அந்த மலைச் சாலையில் மூன்று ஊர்கள். மேல் ஊருக்கு ஏரி இருக்கிறது. கீழ் ஊருக்குக் கோட்டை இருக்கிறது. நடுவிலுள்ள இந்த ஊருக்கு ஓர் அருவி. வருஷத்தில் ஒன்பது மாதம் அது வெறும் பாறை. ஆனாலும் சுற்றுலாப் பேருந்துகள் நிற்பது இங்கேதான், பயணிகள் பணத்தை இறைப்பதும் இங்கேதான். ஏன் என்று ஆராய ஒரு பெண் அதிகாரி மடிக்கணினியோடு வந்து மூன்று நாளாகத் தங்கியிருந்தாள்.

சாவியக்காவைக் கேட்டிருந்தால் மூன்று நிமிஷத்தில் முடிந்திருக்கும். பேருந்து நிற்கும் இடத்திலுள்ள கழிப்பறையைப் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொள்பவள் அவள். இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தால் வந்த பேர். பன்னிரண்டு அறை, மணிக்கொரு தரம் கழுவல், ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். மேல் ஊர்க் கழிப்பறைக்குள் போனவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவார்கள். கீழ் ஊரில் அதுவும் கிடையாது. ஓட்டுநர்கள் என்ன முட்டாள்களா?

இப்போது அந்தக் கழிப்பறையின் தண்ணீர்க் குழாயை, அருவிக்கு எதிரே புதிதாகக் கட்டிய கலர் நீரூற்றுக்குத் திருப்பிவிட்டார் ஊர்த் தலைவர். கழிப்பறைக்கு ஒரு நாளைக்கு எட்டுக் குடம் போதும் என்று உத்தரவு. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

சாவியக்கா நேராக மன்றக் கூட்டத்துக்கே போய்விட்டாள். அதிகாரி திரையில் படம் காட்டிக்கொண்டிருந்தாள்: தட்பவெப்பம், சாலை, விளம்பரம், விருந்தோம்பல். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு.

"அதுல கக்கூஸ் எங்கம்மா?" என்றாள் சாவியக்கா, வாசலில் நின்றபடி.

அறை முழுக்கச் சிரிப்பு. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "நல்ல விஷயம் பேசிட்டிருக்கோம். இங்க வந்து அந்தப் பேச்சு எதுக்கு?"

"ஏரியையும் கோட்டையையும் விட்டுட்டு காஞ்ச பாறையப் பார்க்கவா வர்றாங்க? நாலு மணி நேரம் அடக்கிட்டு வர்றவங்களுக்கு உங்க நீரூத்து எதுக்குங்க? அதுலயா போவாங்க?"

"வெளிய போம்மா!"

முகம் சுண்டித் திரும்பினாள். அவமானம், அதைவிடக் கோபம். எட்டுக் குடத்தில் நாறவிட்டுப் பழியைத் தன் தலையில் சுமக்க அவள் தயாரில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கதவைப் பூட்டி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

முதல் பேருந்தின் ஓட்டுநர் பூட்டைப் பார்த்தார். "என்னக்கா?"

"தண்ணி இல்ல தம்பி."

இறங்க எழுந்தவர்களை உட்காரச் சொல்லி வண்டியைக் கிளப்பினார். பத்து மணிக்குள் ஒன்பது வண்டிகள் அப்படியே போய்விட்டன. நீரூற்று மட்டும் பார்க்க ஆளில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

தொப்பிக்கடை வைத்திருக்கும் அவள் தம்பி மூச்சிரைக்க வந்தான். "அக்கா, என் வயித்துலயே அடிக்கிறியே! ஒரு தொப்பி போகல."

"எனக்கு மட்டும் ஆசையாடா? இன்னிக்கு விட்டுக்குடுத்தா நாளைக்கு நாறும். நாறின இடத்துல எவன் வண்டிய நிறுத்துவான்? அப்புறம் உன் தொப்பி அத்தனையும் நீயே போட்டுக்க வேண்டியதுதான்."

தம்பி தலையைச் சொறிந்தான். பிறகு கடைக்காரர்களைத் திரட்டிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனான்.

தலைவர் வந்தார், கூடவே அதிகாரியும். "சாவியக் குடு. வேற ஆளப் போட்டுக்கறேன்."

கொத்தைக் கழற்றி நீட்டினாள். "தாராளமா போடுங்க. எட்டுக் குடத்துல இத நடத்தறது யாருன்னு நானும் பார்க்கறேன்."

தலைவர் சுற்றிலும் பார்த்தார். கடைக்காரர்களில் ஒருவரும் அவருக்கு ஒத்து ஊதவில்லை. நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பத்தாவது பேருந்து வந்து நின்று ஹாரன் அடித்தது.

"சரி சரி, தண்ணி விடறேன். திற."

"வாய்ப்பேச்செல்லாம் வேணாம். எழுதிக் குடுங்க."

அதிகாரி ஒரு தாளை எடுத்து எழுதினாள்: 'பயணிகள் வரக் காரணமான அடிப்படை வசதிகளுக்கே முதலில் தண்ணீர்.' சாவியக்கா படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"வசதின்னு எழுதினா, நாளைக்கு நாலு பெஞ்சப் போட்டு இதான் வசதின்னுவாரு. முதல் காரணம் கக்கூஸ்னு எழுதுங்க."

தலைவர் பதறினார். "இது மேலிடம் வரைக்கும் போகும்மா! ஊர் மானம் போயிடும்."

"இத்தனை வருஷமா ஊருக்குச் சோறு போட்டது அதுதான். சோறு போடறதோட பேரச் சொல்ல என்ன வெட்கம்?"

மறுபடி ஹாரன். பேருந்தின் படியில் ஒரு பெரியவர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். அதிகாரி பேனாவைத் தலைவரிடமே நீட்டினாள். "நீங்களே எழுதிடுங்க சார்."

தாளை முழங்காலில் வைத்து, வேர்க்க விறுவிறுக்க, அவர் அந்த வார்த்தையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாவியக்கா தாளை வாங்கி, கடைக்காரர்களுக்குக் கேட்கும்படி ஒரு தரம் உரக்கப் படித்தாள். மடித்து வைத்துக்கொண்ட பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"இன்னும் என்ன பார்த்துட்டு நிக்கறீங்க? போய்க் குழாயத் திருப்புங்க. பாவம், அந்தப் பெரியவரு எவ்வளவு நேரம் நிப்பாரு?"

தலைவர் நீரூற்றுப் பக்கம் ஓடினார்.