கத்திக்குப் போட்ட மருந்து

எழுந்ததும் அடுப்பைக் கிளறுவேன். முகம் கழுவுவேன். துணியைப் பிரித்துக் கத்தியைத் துடைத்து, களிம்பு தடவி, வேறு துணியில் சுற்றி அடுப்போரம் வைப்பேன். அதற்கப்புறம்தான் கஞ்சி.

உப்பில் ஊறப்போட முட்டைக்கோஸ் நறுக்கும்போது என் மனைவி ஒட்டிலியின் உள்ளங்கையைக் கிழித்த கத்தி. எங்கள் மார்புர்க் நகரத்தில் காயம் கட்டுவது நாவிதர் வெண்டல். கையைக் கழுவிக் கட்டினார். மருந்தைக் கத்திக்குப் போட்டார். அதில் அவள் ரத்தம் ஒட்டியிருக்கிறது; கத்தி சுத்தமாக, கதகதப்பாக இருந்தால் தூரத்திலிருந்தே காயம் ஆறும். பல்கலைக்கழகத்தில் நானும் அதைத்தான் படித்தேன்.

"கைக்கட்டை மட்டும் பிரிச்சிடாதீங்க" என்றார் வெண்டல்.

ஒட்டிலி சிரித்தாள். "வெட்டுனது அது, வெட்டுப்பட்டது நானு. வைத்தியம் அதுக்கா? ஏங்க, ராத்திரி அதையே கட்டிக்கிட்டுப் படுங்க."

முதலில் வலி குறைந்தது. பிறகு கட்டு நாறியது. மணிக்கட்டிலிருந்து சிவப்புக் கோடு ஒன்று மேலே ஏறியது.

பக்கத்து வீட்டு கெர்லிண்ட் கத்தரிக்கோலோடு வந்தாள். "கட்டைப் பிரிச்சுக் கையைப் பாருய்யா. உள்ள சீழ் வெச்சிருக்கும்."

"வெண்டல் பிரிக்கக் கூடாதுன்னாரு."

"அவனுக்கா நோவுது?"

நான் வாசலை மறித்து நின்றேன். அவள் போய்விட்டாள்.

வெண்டல் வந்தார். கையைப் பார்க்கவில்லை. கத்தியைச் சாளரத்தருகே கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தார். நுனியில் துரு.

"குளிர் பட்டிருக்கு. அதான்" என்றார். களிம்பை இன்னும் தடிமனாக அப்பினார். கம்பளியில் சுற்றச் சொன்னார்.

வீட்டில் இருந்த கம்பளி அவளுடைய சால்வை ஒன்றுதான். அதில் சுற்றினேன். கோடு முழங்கையைத் தாண்டியது. அவள் உடம்பு கொதித்தது, பற்கள் கடகடத்தன. நான் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடக்கத்தன்று போதகர் அவளுடைய கடைசி வார்த்தைகளைப் பிரசங்கத்தில் சொன்னார். எங்கள் சபையில் அது வழக்கம். "ஆண்டவரே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்" என்றாளாம். கெர்லிண்ட்கூட அழுதாள். பிரசங்கத்தை அச்சிட்டும் கொடுப்பார்களாம்.

இன்று காலையும் களிம்பு தடவினேன்.

அவள் கடைசியாகப் பேசியபோது அறையில் இருந்தவன் நான் மட்டும். அவள் என் மடியைப் பார்த்தாள்.

"ஏங்க, சால்வையை நல்லாப் போத்துங்க. அதுக்குக் குளிருது."