பெட்டிக்குப் பதில் நாற்காலி

எங்கள் குடும்பத்தில் ஓவியம் என்றால் என்னவென்று தெரிந்த ஆள் கிடையாது. மூத்தவர் ராஜையா அண்ணன் புது வீட்டு ஹாலில் சுவர் நிறைய ஒரு வெளிநாட்டு அருவியை மாட்டி, அதற்குப் பின்னால் விளக்கும் வைத்திருக்கிறார். சுவிட்சைப் போட்டால் தண்ணீர் ஓடுவதுபோல் இருக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவார். இளையவன் ஜெனில் மஸ்கட்டிலிருந்து வரும்போதெல்லாம் ஒட்டகம் பதித்த சாவிக்கொத்து கொண்டுவருவான். அவன் அறிந்த கலை அத்துடன் முடிந்தது.

நான் குன்னத்துகால் சந்திப்பில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால், செத்த பேட்டரிகள் அடுக்கிய அறையில், இருபது வருடமாகப் படம் வரைகிறேன். நெய்யாற்றின்கரையில் ஒரு டிராயிங் மாஸ்டரிடம் கொஞ்சநாள் போய்ப் பார்த்தேன். மனுஷன் வாழைக்குலையையும் குத்துவிளக்கையும் தவிர வேறு எதையும் வரைய விடவில்லை. குளத்தூரில் ஒரு வாசகசாலையில் ஒருமுறை என் படங்களைக் காட்சிக்கு வைத்தேன். ஊரே திரண்டு வந்து, படங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பழம்பொரி தின்றது. ஒரு பெரியவர் மட்டும் ஒரு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். ஆசையாகப் பக்கத்தில் போனேன். மின்விசிறி அங்கேதான் இருந்தது.

அம்மை மட்டும்தான் வேறு ரகம். சத்தியபாய் அக்காவோடு பழைய வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும், புதிதாக வரைந்ததை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோவேன். நான் வண்டியை நிறுத்தும் முன்பே உள்ளிருந்து, “செல்லையன் வந்தாச்சு” என்று குரல் வரும். படத்தை அவள் மடியில் வைப்பேன்.

“என்னவெல்லாம் வரைஞ்சிருக்க, சொல்லு மக்கா” என்பாள்.

சொல்வேன். அம்பூரியில் மழைக்குப் பிறகு ரப்பர் மரங்கள் எப்படி நின்றன, அந்தப் பச்சைக்கு நான் எதில் எதைக் கலந்தேன், எல்லாம் சொல்வேன். முழுதும் கேட்டுவிட்டு, “கொள்ளாம்லே, நல்லாருக்கு. அந்த மரத்துக்கு அப்புறத்துல என்ன உண்டு?” என்பாள். கலைக் கல்லூரியில் படித்தவன்கூட அப்படி ஒரு கேள்வி கேட்கமாட்டான். இந்தத் தாலுகாவிலேயே ரசனை உள்ள ஒரே ஆள் என் அம்மை என்று பெருமையாக வீட்டுக்குத் திரும்புவேன்.

போன வருடம் அம்மை இறந்தாள். முதலாண்டு ஜெபக்கூட்டம் நெருங்கியபோது ராஜையா அண்ணன் ஒரு போட்டோவோடு கடைக்கு வந்தார்.

எங்கள் சபையில் அடக்கத்துக்கு முன்னால் குடும்பப் படம் எடுக்கும் வழக்கம் உண்டு. பெட்டியின் தலைமாட்டைச் சற்றே தூக்கி வைப்பார்கள். பிள்ளைகள் சுற்றி நிற்க வேண்டும். போட்டோக்காரர் சொன்னதும் அழுகையைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க வேண்டும். அண்ணன் கொண்டுவந்தது அந்தப் படம். நாங்கள் நான்கு பேரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அம்மையை ஒருத்தரும் பார்க்கவில்லை.

“எலே, நாம நாலுபேரும் அம்மையும் ஒண்ணா உள்ள போட்டோ இது ஒண்ணுதான். நீ பெட்டிய மாத்தி நாற்காலி ஆக்கு. அம்மைக்க கண்ணத் திறந்துடு. அவ்வளவுதான் வேலை” என்றார்.

“அவ்வளவுதானா? எழும்பி நடக்க விடட்டுமா?”

“அதெல்லாம் வேண்டாம். இருந்தா போதும்” என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எனக்கு அடங்காத இளக்காரம். இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். அருவிக்கு எதிரே என் படம் தொங்கும், அதைப் பார்த்தாவது இவர்களுக்குப் புத்தி வரட்டும் என்று நினைத்தேன்.

நாற்காலி ஒரே நாளில் வந்துவிட்டது. வெள்ளைப் புடவையும், கைகளும், காது மடலும் வந்துவிட்டன. கண் வரவில்லை. கல்யாண ஆல்பங்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் அம்மை யாருக்காவது சோறு விளம்பிக்கொண்டு குனிந்திருந்தாள், அல்லது ஃபிளாஷுக்குக் கண்ணை மூடியிருந்தாள். ஆதார் அட்டையில் இருந்த முகம் எங்கள் அம்மையே இல்லை.

ஜெனில் மஸ்கட்டிலிருந்து செல்போனில் ஏதோ வித்தை செய்து, பெட்டிக்குள் கிடந்த அம்மையின் கண்ணைத் திறந்து குடும்பக் குரூப்பில் போட்டான். செய்தி வாசிக்கிற பெண்ணின் கண்கள், மை உட்பட. ராஜையா அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. “அம்மைக்க கண்ணு அப்படியே எனக்க கண்ணாக்கும். என்னப் பாத்து வரை” என்று தன் முகத்தை எடுத்து அனுப்பினார். விடுவானா ஜெனில்? அவனும் தன் முகத்தை அனுப்பினான். இரண்டும் ஆட்டுக் கண்.

பேசிக்கொண்டே போகிறேன், எனக்கும் நினைவு வரவில்லை என்பதுதான் சங்கதி. வாரம் தவறாமல் எதிரே உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு மலையின் பச்சை மாதக்கணக்கில் என் மனதில் நிற்கும். பெற்றவளின் கண் நிற்கவில்லை. கோபம் அம்மை மேல்தான் வந்தது. ஒரு நாளாவது என்னை நேராகப் பார்த்திருந்தால் மறந்திருப்பேனா?

கடைசியில் அக்காவைக் கேட்கப் போனேன். அவள் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு என் படங்களைக் கண்டாலே ஆகாது. சுவரில் ஆணி அடிக்க விடமாட்டாள்.

“அம்மைக்க கண்ணு கறுப்பா, தவிட்டு நிறமா?”

“எந்தக் காலத்துக் கண்ணு?”

“கடைசில இருந்தது.”

“அது வெளுத்துப் பாலாடை மாதிரி கெடந்துது.” கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். “கடைசி மூணு வருசமா அம்மைக்குக் கண்ணு காணாதுல்லா.”

எனக்குப் புரியவில்லை. அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

“கண்ணுல பிரஷர் கூடி நரம்பு பட்டுப்போச்சு, இனி ஒண்ணும் செய்ய முடியாதுண்ணு ஆஸ்பத்திரில சொல்லியாச்சு. வெளிச்சம் மட்டும் தெரியும். யாரு வாறதுண்ணு வண்டிச் சத்தம் கேட்டுச் சொல்லுவா. வீட்டுக்குள்ள தடவாம நடப்பா.”

“நீ ஏன் எங்ககிட்ட சொல்லல்ல?”

“அம்மை சொல்ல விடல்ல. கண்ணுள்ளவனுவ தானே கண்டுபிடிக்கட்டும்ணு சொன்னா.”

“அப்போ எனக்க படம்? ஒவ்வொண்ணும் பாத்து அபிப்பிராயம் சொன்னாளே?”

அக்கா அப்போதுதான் நிமிர்ந்தாள்.

“எலே, நீ வேற எதுக்கு அம்மைக்க கிட்ட அரை மணிக்கூறு இருந்திருக்க? வந்தா சாயா குடிச்சிட்டு ஓடுவ. படத்தப் பத்திக் கேட்டா மட்டும் இருந்து பேசுவ. அதுக்காக்கும் கேட்டது. மரத்துக்கு அப்புறத்துல என்ன உண்டுண்ணு கேட்டா, இன்னும் கொஞ்ச நேரம் இருப்பல்லா?”

எனக்கு அக்காவை அடிக்கலாம் போல இருந்தது. பிறகு அங்கேயே, கிழங்குத் தோலுக்குப் பக்கத்தில், வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. துக்கமும் இருந்தது, ஆனால் வெட்கம்தான் கூடுதல். வாசகசாலையில் பழம்பொரி தின்றவர்களை எத்தனை பேரிடம் ஏசியிருப்பேன். அவர்களாவது பார்த்ததாக நடிக்கவில்லை. நான் அம்மையின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, வருடக்கணக்கில் என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்கா சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டு போய் அந்தக் கண்களை வரைந்தேன். கருமணிமேல் பால் தெளித்ததுபோல் ஒரு படலம். வலது கண்ணில் சற்றுக் கூடுதல். பார்வை யார்மேலும் படாமல் சற்று விலகி நிற்கும்படி வைத்தேன். எதையும் அழகாக்கவில்லை. நான் வரைந்தவற்றில் பொய்யில்லாத படம் அது ஒன்றுதான்.

ஜெபம் முடிந்ததும் போதகர் படத்தின் மேலிருந்த துணியை எடுத்தார். கண் ஏன் இப்படி என்று யாராவது ஒருத்தர் கேட்பார்கள், ஒருத்தராவது கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

ராஜையா அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியது.

“செல்லையா, ஜெயிச்சுட்ட. கண்ணுல என்னா ஒரு வெளிச்சம்! அம்மை என்னையேயாக்கும் பாக்கியது.”

செல்போனை யாரோ படத்துக்கு நேராகப் பிடித்தார்கள். அதற்குள்ளிருந்து ஜெனில், “இல்லண்ணா, என்னையாக்கும் பாக்கியது” என்று விம்மினான்.

சாயாத் தட்டோடு வந்த அக்கா ஒரு நொடி நின்றாள்.

“அம்மை இருந்தப்பவும் நீங்க எல்லாரும் அப்படித்தான் நினைச்சிய” என்றாள்.

பாசத்தில் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு அண்ணன் தலையாட்டினார். அவரை நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். அக்கா என்னிடமும் தட்டை நீட்டினாள். சாயாவை எடுத்துக்கொண்டு, அண்ணனுக்குப் பக்கத்திலேயே நின்று குடித்தேன்.