முதுகுத் தூவி

காலையில் பல் விளக்கியதும் ஜெகதீசன் செய்யும் முதல் வேலை பெண்டாட்டியைத் தூக்கிப் பார்ப்பது. வேண்டாவின் இடுப்பில் இரண்டு கையையும் கொடுத்து, மூட்டையைத் தூக்குகிறவன்போல் மேலே தூக்கி இறக்குவான். பாரம் ஏறவில்லை என்று பட்டால் அன்றைக்கு அவளுக்கு மதியச் சோறு உண்டு.

வேடந்தாங்கல் ஏரியில் தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களின் நுனிக்கிளை ஆம்பளை பாரம் தாங்காது. கொக்கு கூடு கட்டுவது அந்த நுனியில்தான். அதனால் வேண்டாவைத்தான் ஏற்றுவான். கூடு கட்டும் காலத்தில் மட்டும் பெரிய வெள்ளைக் கொக்கின் முதுகிலிருந்து நூல் நூலாகத் தூவி என்கிற மெல்லிறகு வளர்ந்து வாலைத் தாண்டித் தொங்கும். கூட்டில் இருக்கும்போதே கழுத்தை அமுக்கிப் பிடித்து அதைப் பிடுங்க வேண்டும். செத்த பறவையின் தூவி பழுத்துப்போகும் என்பது ஜெகதீசனின் எண்ணம். அதனால் உயிரோடு பிடுங்கி விட்டுவிடச் சொல்வான். முதுகுத் தோல் உரிந்த கொக்கு எவ்வளவு தூரம் பறக்கும்? மரத்தடித் தண்ணீரில் விழுந்து கிடக்கும். மேலே குஞ்சுகள் கத்திக்கொண்டே இருக்கும். கல்யாணமாகி வந்த வருடம் வேண்டா அழுதாள். பிறகு விட்டுவிட்டாள்.

மாமல்லபுரத்தில் சிலைக்கடை வைத்திருக்கும் ராஜாராம்தான் சரக்கை வாங்கிக் கடல் தாண்டி அனுப்புகிறவர். அங்கே யாரோ இதைத் தூண்டில் முள்ளில் அழகாகக் கட்டி, மீனும் பிடிக்காமல் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். அதைக் கேட்டு ஜெகதீசன் முதலில் சிரித்தான். அப்புறம் அந்தப் பைத்தியம் அவனையே பிடித்துக்கொண்டது. நல்ல தூவியை ராஜாராமின் கண்ணில் காட்டுவதையே நிறுத்தினான். வீட்டு அரிசி டிரம்மைக் காலி செய்து, அந்துருண்டை போட்டு, காகிதம் விரித்து அதில் அடுக்கினான். அரிசி ஒரு பிளாஸ்டிக் கவரில் ஆணியில் தொங்கியது. மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு தூவியை ஒவ்வொன்றாக எடுத்து ஊதிப் பார்ப்பான். அது சிலிர்த்து அடங்கும்போது அவன் முகத்தில் வரும் சிரிப்பு வேண்டாவைப் பார்த்து ஒரு நாளும் வந்ததில்லை.

இந்த ஐப்பசியில் அவளுக்கு மூன்று மாதம். அவனிடம் சொல்லவில்லை. போன தடவை சொன்னபோது மருந்துக்கடையிலிருந்து மாத்திரை வாங்கி வந்து, அவள் முழுங்கி முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். சீசன் நேரத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு எப்படி ஏறுவாய் என்று கேட்டான். இதையாவது காப்பாற்ற வேண்டும். அதனால் அவன் தூக்கும்போதெல்லாம் வயிற்றை எக்கி மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

இந்த வருடம் மழை முந்திக்கொண்டதில் கொக்குகளும் முந்தி வந்தன. கரையோரக் கடைசி மரத்தின் உச்சியில் ஒரு கொக்கு. அப்படியொரு தூவியை ஜெகதீசன் பார்த்ததில்லை. சாப்பிடும்போதும் அதன் பேச்சுதான். வேண்டாவை ஏற்றினான். பாதியில் கிளை முறிந்தது. அவள் அடிமரத்தைக் கட்டிக்கொண்டு, நெஞ்சு தேயச் சறுக்கி வந்தாள்.

"இன்னாடி, திருட்டுத் தீனி துன்றியா? வெயிட்டு ஏறிக்கீது உனக்கு" என்றான். அன்றோடு ராச்சோறும் நின்றது.

பிறகுதான் வெடி யோசனை வந்தது. அந்த ஊரில் தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ யாரும் வெடி வெடிப்பதில்லை. கூட்டில் இருக்கும் பறவை மிரண்டு போய்விடும் என்று பரம்பரையாக விட்ட பழக்கம். தீபாவளி விடியற்காலையில் சரணாலயக் காவல்காரர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் ஏற முடிந்த உயரத்தில் வலையைக் கட்டிவிட்டுக் கீழே ஓர் அணுகுண்டைப் போட்டால் கொக்கு எழும்பி வலையில் விழும். சுற்று ஊரெல்லாம் வெடிக்கும்போது இந்த ஒன்று யாருக்குத் தெரியும் என்றான்.

ஆனால் அந்த ஊரில் பிறந்தவனுக்கு மத்தாப்பு பிடிக்கக்கூடத் தெரியாது. வேண்டா பிறந்தது கடப்பாக்கத்தில். தலை தீபாவளிக்கு அங்கே போனபோது, காலடியில் வெடித்த ஊசிவெடிக்கு ஜெகதீசன் கட்டிலில் ஏறி நின்றான். மச்சான்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவன் மாமனார் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. எப்படிக் கொளுத்துவது என்று வேண்டாவிடமும் கேட்கவில்லை.

வெளிச்சம் வரத் தொடங்கியபோது அவள் மரத்தில் இருந்தாள். வலையின் மேல்முனையை முடிந்துவிட்டுக் கிளையோடு கிளையாக ஒட்டிக்கொண்டாள். கிளை முனகியது. கீழே கரையில் ஜெகதீசன் ஊதுவத்தியை நீட்டினான். திரி சீறியது. அவன் ஓடினான். சீறல் நின்றுவிட்டது.

அவன் திரும்பி வந்தான். குனிந்து வெடியைக் கையில் எடுத்தான்.

கடப்பாக்கத்தில் பாவாடை கட்டிய பெண்குழந்தைக்கும் தெரியும், நமுத்த வெடியைத் தொடக்கூடாது என்று. மேலிருந்து பார்த்த வேண்டாவுக்குத் திரியின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி நன்றாகவே தெரிந்தது. 'போடு மாமா கீழே' என்பது நாக்கு வரைக்கும் வந்தது. அவன் வெடியை வாய்க்கு நேரே தூக்கி, தூவியை ஊதுவதுபோலவே ஊதினான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சத்தத்தில் ஏரியே எழும்பியது. அந்தக் கொக்கு நேரே வந்து வலையில் விழுந்தது. சிறகு முறிய உதறிக்கொண்டது. வேண்டா முடிச்சை அவிழ்க்கப் போனாள். அது புறங்கையைக் குத்திக் கிழித்தது. வலை அறுந்து கொக்கோடு தண்ணீரில் விழுந்தது. குமிழி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிளை கிளையாகக் கால் வைத்துப் பார்த்து, அவசரமில்லாமல் இறங்கினாள்.

ஊர் தலையில் எண்ணெயோடு ஓடி வந்தது. ரத்தத்தில் கிடந்தவனை யாரும் முதலில் பார்க்கவில்லை.

"எவன்டா இங்க வெடி வெச்சவன்?" என்று கேட்டார் காவல்காரர் சுப்புராமன். வேண்டா புருஷனைக் கைகாட்டினாள். வீட்டில் எந்த டிரம் என்பதையும் சொன்னாள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஜெகதீசனுக்கு வலது கையில் சுண்டுவிரல்தான் மிஞ்சியது. கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வாசலில் போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். நினைவு வந்ததும் அவன் கை என்ன ஆனது என்று கேட்கவில்லை.

"மாட்டுச்சா அது?"

"மாட்டுச்சி."

"தூவி?"

"சேத்துல போச்சு. டிரம்மையும் எட்த்துகினு போய்ட்டாங்க. கேசு முடிஞ்சதும் மொத்தமா கொளுத்திருவாங்களாம்."

ஜெகதீசன் அலறினான். கை வலி என்று நினைத்து நர்ஸ் ஊசியோடு ஓடி வந்தாள். அலறல் ஓய்ந்ததும் அவனுடைய இடது கை, பழக்கதோஷத்தில், வேண்டாவின் இடுப்பைத் தேடித் தடவிக்கொண்டு வந்தது. அவள் ஸ்டூலைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டாள். மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, இட்லியின் மேல் சாம்பாரைக் கவிழ்த்து, சத்தம் வரச் சாப்பிட்டாள்.