அஞ்சு பேரை மட்டும் வளருங்க

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, தையல்காரிக்கு வாரத்தில் மூன்று காலைகள் மருத்துவமனை நாற்காலியிலேயே கழிந்தன. இடது கையில் இரண்டு ஊசிகள். ரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குப் போய், சுத்தமாகித் திரும்பும். அந்தக் கையை அசைக்கக் கூடாது. ஒற்றைக் கையால் ஊசியில் நூல்கூடக் கோக்க முடியாது. முதல் வாரம் முழுக்கச் சுவரையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து நாற்காலியில் கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர். நர்சுகள் அவரைக் கேப்டன் என்பார்கள். போனில் ஓயாமல் விளையாடுவார்.

"அது என்ன, எந்நேரமும் சண்டை?" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"வீரர்களச் சேர்க்கிற விளையாட்டும்மா. வில்லுக்காரி, மந்திரவாதி, வைத்தியச்சின்னு ஏகப்பட்ட பேர். சேர்த்து, வளர்த்து, படை கட்டணும். உங்க போன்லயும் ஏத்திவிடவா?"

ஏற்றிவிட்டார். கிடைத்த வீரர்களுக்கெல்லாம் ஆளுக்குக் கொஞ்சமாக அவள் பயிற்சி கொடுத்தாள். யாரையும் ஒதுக்க மனசு வரவில்லை. மறுவாரம் ஒரு கோட்டை வாசலில் மொத்தப் படையும் மண்ணைக் கவ்வியது.

கேப்டன் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இப்படி எல்லாருக்கும் அள்ளித் தெளிச்சா ஒருத்தனும் தேறமாட்டான். அஞ்சு பேர மட்டும் வளருங்க. முன்னாடி அடி தாங்க ஒருத்தன், பின்னாடி கண்டிப்பா வைத்தியச்சி. மத்தவங்களத் தூக்கி எறியாதீங்க, பின்னால தேவைப்படுவாங்க. ஜெயிச்சா கெடைக்கிற ரத்தினக்கல்லுதான் புது ஆள வாங்குற காசு, சேர்ந்ததும் செலவழிக்காதீங்க. நல்ல ஆள் வர்ற வரைக்கும் பொறுங்க."

"அப்பவும் முடியலன்னா?"

"கூட விளையாடுறவங்க குழு ஒண்ணு இருக்கு, அதுல கேளுங்க. அவங்க ஆள ஒரு சண்டைக்கு இரவல் தருவாங்க. கேக்க வெக்கப்படுறவங்கதான் பாதியில விட்டுட்டு ஓடிடுறாங்க."

இரவல் என்றதும் அவள் முகம் சுண்டிப்போனது. தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருவதாகத் தங்கை சொல்லி ஒரு மாதமாகிறது. "அந்தப் பேச்சயே எடுக்காத" என்று போனை வைத்தவள்தான். அதற்குப் பிறகு தங்கை அழைத்தால் எடுப்பதே இல்லை. அம்மா போன பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியவள் அவள். கொடுத்தே பழகிய கை.

அதைக் கேப்டனிடம் சொன்னாள். "விளையாட்டுல இரவல் போனவன் சண்ட முடிஞ்சதும் திரும்பிடுவான். இது அப்படியா?"

கேப்டன் போனைக் கவிழ்த்து வைத்தார். "இல்லதான். விளையாட்ட விளையாட்டோட நிறுத்திக்குங்க. எனக்குத் தர்றேன்னு சொல்ல ஆளே இல்லம்மா. இருந்திருந்தா வாங்கியிருப்பேனா, தெரியாது. ஆனா போன எடுத்திருப்பேன்."

வீட்டுக்கு வந்ததும் தங்கையை அழைத்தாள். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள். "சாப்பிட்டியாக்கா?" என்றாள் தங்கை.

அடுத்த முறை தங்கையும் கூடவே வந்தாள். ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்காவின் விரல்களை மட்டும் விடவில்லை. "பரிசோதனையாவது பண்ணிக்கிறேன்க்கா. குடுக்கிறதா வேணாமாங்கிறத அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து சண்ட போட்டுக்கலாம்."

அக்கா குழாயைப் பார்த்தபடியே, "சரி" என்றாள்.

பொருந்தவில்லை என்று முடிவு வந்தது. மருத்துவரின் அறைக்கு வெளியே, நடைவழி பெஞ்சில் உட்கார்ந்து தங்கை தேம்பினாள். தையல்காரி அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். முதலில் வந்தது நிம்மதிதான். அதன் அடியில் இன்னொன்றும் வலித்தது. வேண்டாம் வேண்டாம் என்று மறுத்தவளுக்குள் அந்த ஆசை எப்போது குடிவந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அழாத. நீ வந்தியே" என்றாள்.

இப்போது, இறந்தவர்கள் தானமாகத் தரும் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் வரிசையில் அவளும் ஒருத்தி. கேப்டனுக்குப் பிறகுதான் அவள் முறை. விடுப்புக் கிடைக்கும் நாளெல்லாம் தங்கை வந்து இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே உட்கார்ந்துகொள்கிறாள். விளையாட்டையும் ஏற்றிக்கொண்டாள். முதல் நாளே ரத்தினக்கல்லையெல்லாம் கொட்டி, சண்டையே போடத் தெரியாத ஒரு நடனக்காரியை வாங்கினாள்.

"யாரக் கேட்டும்மா வாங்குன?" என்று பதறினார் கேப்டன்.

"உடுப்பு அழகா இருந்துச்சு."

தையல்காரி போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "தோள்பட்ட வெட்டு சரியில்ல" என்றாள்.